பிளாங்க் முன்பக்கம் தூக்குது, என்ன பசை போடலாம்? கொஞ்சம் அவசரம்

வளைஞ்சபலகை:
எல்லாருக்கும் வணக்கம். கிட் இல்லாம முழுக்க கையாலேயே ஒரு பாய்மரக் கப்பல் மாடல் செய்யறேன். பல்க்ஹெட் (உடம்புக்கு வடிவம் தர்ற குறுக்குச் சட்டம்) எல்லாம் நிறுத்தியாச்சு, பிளாங்க் ஒட்டிக்கிட்டு இருக்கேன். நடுவுல அழகா உட்காருது. முன்பக்கம் போனதும் பலகையோட கீழ் விளிம்பு பல்க்ஹெட்டை விட்டு வெளிய தூக்கிடுது. கிளிப் போட்டா அடங்குது, எடுத்தா மறுபடி தூக்குது. அடுத்த பலகை அதுமேல ஏறி, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்கா வருது. எந்தப் பசை போட்டா பிடிக்கும்? சீக்கிரம் சொல்லுங்க, ப்ளீஸ்.

உப்புத்தாள்80:
எந்த ஸ்கேல்? என்ன மரம்? கனம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? ஒத்தை அடுக்கா, ரெட்டை அடுக்கா? எந்தக் கப்பல்? இதெல்லாம் இல்லாம என்னத்தைச் சொல்ல. ஒரு படமாவது போடுங்க.

சட்டுனுஒட்டு:
வெள்ளைப் பசை காயறதுக்குள்ள பலகை நழுவிடும். கெட்டியான சூப்பர் குளூ, ஜெல் வகை. ஒவ்வொரு பல்க்ஹெட் விளிம்புலயும் ஒரு பொட்டு, 20 விநாடி அழுத்திப் பிடிங்க. வேலை முடிஞ்சது.

நீராவி:
பசை பிரச்சினையே இல்ல. மரம் ஊறல, அவ்வளவுதான். வெந்நீர்ல அரை மணி நேரம் போடுங்க, கொஞ்சம் அம்மோனியா கலந்துக்கங்க. ஈரமா இருக்கும்போதே வச்சு ஒட்டிடுங்க.

மூத்தகலபதி:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று பழைய இழைகளைப் பார்த்தாலே தெரியும். பார்ப்பதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. பல்க்ஹெட்டுகளின் விளிம்பைச் சாய்வாகச் சீவினீர்களா? சீவியிருக்க மாட்டீர்கள். சீவாத விளிம்பில் பலகை ஒரு முனையில் மட்டுமே தொடும். அதற்குப் பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிப்படையைக் கற்றுக்கொண்டு வரைபடத்தைத் தொடுவது நல்லது.

வளைஞ்சபலகை:
சாரி. 1:64. பாஸ்வுட், 1.5 மி.மீ கனம், 5 மி.மீ அகலம். ஒத்தை அடுக்கு. காவென்ட்ரி வகுப்பு, 1757, 28 பீரங்கி ஃபிரிகேட் (வேகமான போர்க்கப்பல்). பல்க்ஹெட் சாய்வு சீவிட்டேன் சார், மெல்லிய பட்டியை வளைச்சு வச்சுப் பார்த்தேன், எல்லாத்துலயும் முழுசா தொடுது. படம் ஏற மாட்டேங்குது.

உப்புத்தாள்80:
1.5 பாஸ்வுட் நல்லா வளையுமே. முதல் பல்க்ஹெட்டுக்கும் ஸ்டெம்முக்கும் (முன்முனைக் கட்டை) நடுவுல மரக்கட்டை வச்சு நிரப்பினீங்களா, காலியா விட்டுட்டீங்களா? 28 பீரங்கி ஃபிரிகேட்டுக்கு முன்பக்கம் நல்ல உருண்டை. அங்க தாங்க எதுவும் இல்லைன்னா பலகை தட்டையா ஓடிடும். ஸ்டெம்ல பலகை முனை உட்கார ரேபட் பள்ளம் வெட்டியிருக்கா?

ஏராக்கோடு:
இன்னும் மூணு விஷயம் தெரியணும். (1) எங்கிருந்து ஆரம்பிச்சீங்க, வேல்ல (பக்கவாட்டுல ஓடற தடிச்ச பலகைப் பட்டை) இருந்து கீழயா, கீல்ல (அடிக்கட்டை) இருந்து மேலயா? (2) பலகையை முன்பக்கம் ஒடுக்கினீங்களா? (3) வேலோட கீழ் விளிம்புல இருந்து ரேபட் வரைக்கும் ஒரு காகிதப் பட்டையை உடம்போட ஒட்டி வச்சு அளந்து சொல்லுங்க: நடு பல்க்ஹெட்ல எவ்வளவு, ஸ்டெம்ல எவ்வளவு, கடைசி பல்க்ஹெட்ல எவ்வளவு.

வளைஞ்சபலகை:
கட்டை நிரப்பியிருக்கேன், ரேபட் வெட்டியிருக்கேன். வேல்ல இருந்து கீழ வர்றேன். ஒடுக்கறதுன்னா? பலகை முழு நீளத்துக்கும் 5 மி.மீ தான், ஒரே துண்டு. நடுவுல 115, ஸ்டெம்ல 52, பின்னால 126. இப்ப 9 வரிசை ஆச்சு.

ஏராக்கோடு:
இதுதான் விஷயம். பசையும் இல்ல, ஊறலும் இல்ல, கணக்கு.

நடுவுல 115 மி.மீ, 5 மி.மீ பலகைன்னா 23 வரிசை. அதே 23 வரிசையும் ஸ்டெம்ல 52 மி.மீக்குள்ள அடங்கணும், அதாவது ஒவ்வொன்னும் 2.3 மி.மீக்கும் குறைவு. நீங்க ஒடுக்காம, அதாவது முனைப்பக்கம் அகலத்தைக் குறைக்காம, 9 வரிசை போட்டதுலயே அங்க 45 மி.மீ போயிடுச்சு. மிச்சம் 7 மி.மீ, இன்னும் போக வேண்டியது 14 பலகை.

தூக்கறதுக்குக் காரணமும் இதுவே. முன் உருண்டையைச் சுத்தி வரும்போது பலகை தானா மேல் நோக்கித்தான் ஓடப் பார்க்கும், முந்தின பலகை மேல ஏறப் பார்க்கும். நீங்க முனையைக் கீழ இழுத்து வைக்கறீங்க. அப்ப கீழ் விளிம்பு நீளவாக்குல சுருங்கணும். மரம் அப்படிச் சுருங்காது, பக்கவாட்டுல புடைக்கும். நீங்க பார்க்கற தூக்கல் அந்தப் புடைப்புதான். சூப்பர் குளூ போட்டா இன்னிக்கு அடங்கும், அந்த விசை உள்ளேயேதான் இருக்கும். ஒரு வறண்ட காலம் வந்தா பசையைப் பிய்ச்சுக்கிட்டு எழும்பும்.

செய்ய வேண்டியது:

ஒவ்வொரு பல்க்ஹெட்லயும் காகிதப் பட்டை வச்சு நீளத்தைக் குறிங்க. அதை எத்தனை வரிசையோ அத்தனை சம பாகமாப் பிரிங்க. ஒவ்வொன்னுக்கும் வகுத்துக்கிட்டு உட்கார வேண்டாம். ஒரு தாள்ல ஒரு புள்ளியில இருந்து விசிறி மாதிரி சம இடைவெளிக் கோடுகள் போட்டு, பட்டையை அதுமேல நகர்த்துங்க. இரண்டு முனையும் முதல் கோட்டுலயும் கடைசிக் கோட்டுலயும் பொருந்தற இடத்துல மத்த கோடெல்லாம் தானா பிரிச்சுக் கொடுக்கும். விசிறியோட அடிக்கோட்டுக்கு இணையாவே பட்டையை வைக்கணும், சாய்ச்சா பாகம் சமமா வராது. அந்தக் குறியை பல்க்ஹெட் விளிம்புல பென்சிலால ஏத்துங்க.

பலகையோட முனை பாதி அகலத்துக்குக் கீழ போகக்கூடாதுங்கறது பொது விதி. 5-க்கு 2.5. ஸ்டெம்ல 52-ஐ 20-ஆல வகுத்தா 2.6. அப்ப அங்க 20 பலகைதான் சேரும், மூணு வரிசை வழியிலேயே முடியணும். அதுக்கு டிராப் பிளாங்க்: ரெண்டு பலகை வந்து சேர்ற இடத்துல ஒரே அகலப் பலகையை வச்சு, அதுல படி வெட்டி ரெண்டையும் அதுக்குள்ள முடிச்சுடுவாங்க. முனையைக் கூரா விடக்கூடாது, பாதி அகலத்துல மட்டமா நறுக்கணும். மூணையும் பக்கத்து பக்கத்துல வைக்காதீங்க.

பின்னால தலைகீழ் கதை. 23 × 5 = 115, ஆனா இடம் 126. 11 மி.மீ பத்தாது, அங்க ரெண்டு ஸ்டீலர், அதாவது இடைவெளியை நிரப்பற ஆப்புத் துண்டு, சொருகணும்.

ஒடுக்கும்போது செதுக்க வேண்டியது மேல் விளிம்பை, அதாவது முந்தின பலகையோட சேர்ற பக்கத்தை. முதல்ல பசை இல்லாம பலகையை அதோட இஷ்டத்துக்கு ஓட விட்டுப் பாருங்க. முந்தின பலகை மேல எங்க ஏற ஆரம்பிக்குதோ அங்கிருந்து ஸ்டெம் வரை பென்சில் கோடு, கத்தியால சீவல், கடைசியில சின்ன இழைப்புளி. இடது வலது ரெண்டு பலகையையும் சேர்த்துப் பிடிச்சு ஒரே தடவையில சீவினா ரெண்டு பக்கமும் ஒன்னாப்போல வரும்.

முழு நீளத்துக்கு ஒரே பலகை வேண்டாம். நிஜக் கப்பல்ல பலகை 20, 24 அடிதான். 1:64-ல சுமார் 95-லிருந்து 115 மி.மீ. அப்படித் துண்டா போட்டா முன் துண்டை மட்டும்தான் கஷ்டப்பட்டு வடிக்கணும். இணைப்பு பல்க்ஹெட் மேலதான் விழணும். அடுத்தடுத்த வரிசையோட இணைப்பு ஒரே பல்க்ஹெட்ல வரக்கூடாது, நடுவுல மூணு வரிசையாவது இடைவெளி விடுங்க.

நீராவி:
கணக்கு சரி அண்ணா, ஆனா ஊற வைக்காம முன் உருண்டையில ஒட்டவே முடியாது.

ஏராக்கோடு:
ஊற வைங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல. ஈரத்தோட ஒட்டச் சொன்னதுதான் தப்பு. மரம் ஊறினா அகலத்துல உப்பும், 5 மி.மீ பலகை 0.2 மி.மீ கூடலாம். ஈரத்துல நெருக்கிப் பொருத்திட்டு ஒட்டினா, காஞ்சதும் அந்த 0.2 இடைவெளியாத் தெரியும். பதினைந்து நிமிஷம் ஊற வச்சு, இடத்துல கிளிப் போட்டு, ஹேர் டிரையர்ல நல்லா காய வச்சு எடுங்க. வடிவம் நிக்கும். அப்புறம் பொருத்திச் சீவி ஒட்டுங்க. மரத்தை வளைய வைக்கறது முக்காவாசி சூடுதான், தண்ணி அந்தச் சூட்டை உள்ள கொண்டு போகுது.

அகலவாட்டுலயும் லேசா வளைக்க முடியும். ஈரப்படுத்தின பலகையைத் தட்டையான பலகை மேல படுக்க வச்சு, ஒரு முனையையும் நடுவையும் கிளாம்ப் பண்ணி, மறுமுனையைப் பக்கவாட்டுல இழுத்துக் கட்டி, மேல சூடு கொடுங்க. புடைக்காம இருக்க மேல ஒரு கட்டையை அழுத்தி வைக்கணும். விட்டதும் கொஞ்சம் திரும்பும், அதனால தேவைக்கு மேலயே வளைங்க. ஒடுக்கறதும் இதுவும் சேர்ந்தாத்தான் முழுசா உட்காரும்.

மூத்தகலபதி:
அம்மோனியா யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். மரத்தை இளக்குவது நீரற்ற அம்மோனியா. கடையில் துப்புரவுக்குக் கிடைப்பது நீரில் கரைத்த நீர்த்த கரைசல். அதில் வளைப்பது நீரும் சூடும்தான். கூடுதலாகக் கிடைப்பது நாற்றமும் மரத்தில் கறையும். ஒற்றை அடுக்கு, வார்னிஷ் அடிக்கப் போகும் உடம்பு என்றால் அந்தக் கறை கடைசி வரை நிற்கும்.

நீராவி:
கறை படியாத மரமும் இருக்கு சார்.

செம்புத்தகடு:
இவ்வளவு கவலை எதுக்கு? நீர்மட்டத்துக்குக் கீழ எல்லாம் செம்புத் தகடுதானே. புட்டி போட்டு உப்புத்தாள் தேய்ச்சு, மேல செம்பு டேப் ஒட்டிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தகடு 4 அடிக்கு 14 அங்குலம், 1:64-ல 19-க்கு 5.5 மி.மீ. ஒரு அச்சு செஞ்சு ஆணித்தலையை அழுத்திக்கிட்டே போகலாம்.

உப்புத்தாள்80:
1757 கப்பலுக்குச் செம்பா? பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் கப்பல்ல சோதனையாச் செம்பு போட்டதே 1761-ல. அதுக்கு முன்னால அடிப்பகுதிக்கு மீன் எண்ணெய், பிசின், கந்தகம் கலந்த வெள்ளைப் பூச்சுதான். வெள்ளை பெயின்ட் அடிச்சா போதும்.

செம்புத்தகடு:
கப்பல் கட்டின வருஷத்தோட நின்னுடுமா? 1779-லிருந்து படை முழுக்கவே செம்பு போட ஆரம்பிச்சாங்க. இந்த வகுப்புல சில கப்பல் 1780-களிலும் ஓடுச்சு. எந்த வருஷத்துத் தோற்றம் வேணும்ங்கறது செய்யறவர் இஷ்டம்.

மூத்தகலபதி:
இஷ்டம் என்றால் பாய்மரக் கயிறு, பீரங்கி, பின்புறச் செதுக்கல் அத்தனையும் 1780-க்கு மாற்ற வேண்டும். அடியில் 1780, மேலே 1757 என்று கப்பல் கிடையாது. அலார்மில் செம்பைப் பிரித்துப் பார்த்தபோது இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. அந்தச் சிக்கல் தீராமல்தான் இத்தனை வருடம் தாமதம். ஆணித்தலை அச்சையும் தூக்கிப் போடுங்கள். தலையைத் தகட்டின் மட்டத்துக்கு அடித்து இறக்கிவிடுவார்கள். 1:64-ல் அது கண்ணுக்கே தெரியக்கூடாது. மாடல்களில் பார்ப்பது கொப்புளம்.

செம்புத்தகடு:
தெரியாததைச் செய்யறதுக்குப் பேர்தான் மாடல்னா யாரும் எதுவும் செய்ய வேண்டாம் போல.

ஏராக்கோடு:
ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு நகர்றேன். செம்பு டேப் புட்டியை மறைக்கும், மேடு பள்ளத்தை மறைக்காது. கீழ இருக்கற ஒவ்வொரு படியும் பளபளப்புல இன்னும் கூடுதலாத் தெரியும். செம்பு போட்டாலும் போடாட்டாலும் உடம்பு வழவழன்னு இருந்தாகணும்.

வளைஞ்சபலகை, இருக்கீங்களா? 9 வரிசைன்னு சொன்னது ரெண்டு பக்கமும் சேர்த்தா?

வளைஞ்சபலகை:
இல்லண்ணா, ஒரு பக்கம் மட்டும். ஒன்னை முடிச்சுட்டு அடுத்ததுன்னு இருந்தேன். கழட்டணும்னா எப்படி? வெள்ளைப் பசைதான், முன்னால ரெண்டு பல்க்ஹெட்ல மட்டும் சூப்பர் குளூ.

உப்புத்தாள்80:
ஐயோ. இதை முதல்லயே சொல்லியிருக்கணும். உடனே கீல் நெடுக ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்க, வளைஞ்சிருக்கும். ஒட்டின பக்கம் இழுத்து இழுத்து, பல்க்ஹெட் எல்லாம் நிக்கற ஒட்டுப்பலகை (பிளைவுட்) முதுகெலும்பையே திருகிடும். இடதுல ஒன்னு போட்டா வலதுல ஒன்னு போட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்.

ஏராக்கோடு:
வெள்ளைப் பசைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பஞ்சுல நனைச்சு இணைப்பு மேல வச்சு 15 நிமிஷம் விடுங்க, காயக் காய நனைங்க. பசை ரப்பர் மாதிரி ஆனதும் மெல்லிய பிளேடை உள்ள விட்டுத் தள்ளினா வந்துடும். சூப்பர் குளூவுக்கு அசிட்டோன், ஜன்னலைத் திறந்து வச்சுட்டு. ரெண்டும் சட்டுனு தீப்பிடிக்கும், பக்கத்துல ஹேர் டிரையர் கூடாது. வேல் வரைக்கும் மொத்தமும் கழட்டுங்க; ரெண்டு வரிசையை மிச்சம் பிடிச்சாக்கூட அங்கேயே 10 மி.மீ போயிடும், மத்ததுக்கு 2.6 கிடைக்காது. கழட்டின பலகையைத் தூக்கிப் போடாதீங்க, ஸ்டீலருக்கு ஆகும்.

சட்டுனுஒட்டு:
சூப்பர் குளூ போட்ட இடம் மட்டும் இவ்வளவு நேரம் கழண்டு வராம நிக்குதுல்ல, அதைக் கவனிங்க.

வளைஞ்சபலகை:
எல்லாம் கழட்டிட்டேன். நூல் கட்டினேன், கீல் நடுவுல 2 மி.மீ வளைஞ்சிருக்கு. புதுசா ஒடுக்கின முதல் ஜோடி ரெண்டு பக்கமும் பசை இல்லாம வச்சுப் பார்த்தேன், தூக்கல. 2 மி.மீக்கு என்ன பண்ண?

உப்புத்தாள்80:
ஒட்டற வேலையை நிறுத்துங்க. கீலைத் தட்டையான பலகையில ரெண்டு நேர்க் கோணக் கட்டைக்கு நடுவுல நிமிர்த்திக் கவ்வ வைங்க. நேரா இருக்கும்போதே பல்க்ஹெட்டுகளுக்கு நடுவுல, முதுகெலும்போட ரெண்டு பக்கமும், இறுக்கமா அளந்து வெட்டின கட்டைகளை ஒட்டிடுங்க. ஒரு ராத்திரி கவ்வல்லயே இருக்கட்டும். எடுத்துட்டு மறுபடி நூல் கட்டுங்க. அரை மி.மீக்குள்ள இருந்தா தொடரலாம். முதுகெலும்பு எத்தனை மி.மீ ஒட்டுப்பலகை?

செம்புத்தகடு:
கலபதி சார், பீரங்கியை எதுக்கு மாத்தணும்? 1780-லயும் அதே 28-தானே?

மூத்தகலபதி:
கரோனேடு என்று ஒரு குட்டைப் பீரங்கி இருக்கிறது. 1779-க்குப் பிறகு எங்கெங்கே ஏற்றினார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உப்புத்தாள்80:
வளைஞ்சபலகை, ஒட்டுப்பலகை கனம் கேட்டேனே?