அம்பாசமுத்திரம் (அம்பை) - பாபநாசம் ரோடு யாருக்காகப் போட்டது?

கல்லிடைக்காரன்:
நேத்து ஒருத்தர் இங்க "அம்பை பாபநாசம் ரோடே பஞ்சு மில்லுக்காகப் போட்டது, மில்லு வரலைனா அங்கன வெறும் காடுதான்"னு எழுதிட்டுப் போயிருக்காரு. என்னால ஒத்துக்கிட முடியல. அம்பாசமுத்திரத்துல வரகுண பாண்டியன் கல்வெட்டு இருக்கு, ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. தாமிரபரணிக்கரை ஒன்பது சிவன் கோயில் இருக்குல்லா, நவகைலாயம், அதுல பாபநாசம்தான் முதல் கோயில். சித்திரை விஷுவுக்குத் தீர்த்தமாடவும் ஆடி அமாவாசைக்கு மலைமேல சொரிமுத்தையனாரைக் கும்பிடவும் சனம் வெள்ளக்காரன் கிட்ட ரோடு கேட்டுட்டா போச்சு?

சிவந்திபுரத்தா:
அத எழுதுனது நான்தான் அண்ணாச்சி. கோயில் பழசு, யாரும் இல்லைங்கல. ஆனா சனம் நடந்த தடம் வேற, பாரம் ஏத்துன வண்டி மழைக்காலத்துலயும் போய்ச்சேருற ரோடு வேற. ஹார்வி சகோதரங்க 1880-கள்ல பாபநாசத்துல மில்லு போட்டது ஆத்துத் தண்ணி விழுற வேகத்துல மெஷின் ஓட்டலாம்னுதான். பருத்தி விளையுறது எங்க? கோவில்பட்டி பக்கம் கரிசல்ல. ரயிலு 1876-ல திருநெல்வேலி வரைக்கும் வந்தாச்சு, ஆனா கல்லிடைக்குறிச்சிக்கு 1902-லதான் வந்துச்சு, அங்கருந்து அம்பை வழியா செங்கோட்டைக்கு 1903. அப்ப நடுவுல இருக்க இத்தன வருஷமும் பருத்தி உள்ள வாரதும் நூலு வெளிய போறதும் மாட்டு வண்டியிலதான நடந்திருக்கணும், திருநெல்வேலி டேசன் வரைக்கும். வருஷம் பூரா அந்தப் பாரத்தத் தாங்கணும்னாதான் கல்லு பரப்புன ரோடு வேணும், வருஷத்துக்கு நாலு திருநாளுக்கு அது தேவையில்ல.

பொதிகைக்காத்து:
ரெண்டு பேருமே வாய்க்கால விட்டுட்டீங்களே. இந்த ரோட்டுல போறவங்க கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, அம்பையில ஏறுனா பாபநாசம் வரைக்கும் தாமிரபரணியக் கடக்கவே செய்யாது, வடகரையிலயே போகும். அந்தப் பக்கம் வயலுக்கெல்லாம் வடக்கு கோடைமேலழகியான் கால்வாய்த் தண்ணி. ஆத்துல இருக்க எட்டு அணைக்கட்டுல முதல் அணைக்கட்டு கோடைமேலழகியான்தான், அது மில்லுக்கெல்லாம் ரொம்ப முந்தி. தண்ணி கட்டப் போறவன், நெல்லு ஏத்திட்டு வாரவன், இவங்க போட்ட வண்டித்தடம் மேலதான் எவன் வந்தாலும் கல்லப் பரப்பியிருப்பான். புதுசா ஒரு கோடு கிழிச்சு யாரும் போடல.

சிவந்திபுரத்தா:
அப்படினா விக்கிரமசிங்கபுரம் எப்படி இவ்வளவு பெருசாச்சு? வாய்க்கால்கரை ஊரு எத்தனையோ இருக்கு, எல்லாம் நகராட்சி ஆயிட்டா? மில்லுல வேல பாத்த சனம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் குடியேறுனதாலதான. எங்க அப்பாவும் மில்லுதான், சங்கு ஊதுனா சைக்கிளு ரோடு நிறைய வரும், பஸ்ஸே ஒதுங்கித்தான் நிக்கும். இத எழுதாம ரோட்டு வரலாறுன்னு சொன்னீங்கனா உழைச்ச சனத்த அழிச்ச மாதிரி ஆயிடும், அதுதான் எனக்கு வருத்தம்.

கல்லிடைக்காரன்:
உழைச்சவங்களக் கொறச்சு நான் எதுவும் சொல்லல தாயி. "மில்லு இல்லனா காடு"ன்னதுதான் எனக்குப் பொறுக்கல. மன்னார்கோவில் பிரம்மதேசமெல்லாம் எட்டுற தூரத்துல சோழங்காலத்து ஊருங்க. வ.வே.சு. ஐயர் 1925-ல சேரன்மாதேவி குருகுலத்துப் பிள்ளைங்களக் கூட்டிட்டு பாபநாசம் வந்தாரு, மகள் தண்ணியில விழவும் காப்பாத்தப் போயி அருவியில உயிர விட்டுட்டாரு. அவரு மில்லப் பாக்கவா வந்தாரு? மலையையும் தீர்த்தத்தையும் பாக்க வாரவங்க எப்பவும் வந்துட்டுதான் இருந்தாங்க.

லோயர்கேம்ப் பையன்:
பாபநாசத்தோட நிப்பாட்டிட்டு ஆளாளுக்குச் சண்ட போடுறீங்க, மேல மலைக்கு ஏறுற ரோட்ட யாரும் பேசல. 1940-கள்ல அணையும் பவர் ஹவுஸும் வந்துச்சு பாருங்க, அதுக்கு வந்த சாமான் எல்லாம் இந்த வழியாதான் ஏறணும், ரயிலு அம்பையிலருந்து கடையம் தென்காசிப் பக்கம் திரும்பிட்டுல்லா, பாபநாசத்துக்கு வரவே இல்ல. மலைமேல காரையார் வரைக்கும் இன்னைக்கு பஸ்ஸு போகுதுனா அது கரண்டு எடுக்க வந்த வேலையால. ஆடி அமாவாசைக்கு அகஸ்தியர்பட்டியில கார நிப்பாட்டிட்டு அரசு பஸ்ஸுல சொரிமுத்தையனாருக்கு ஏறுறவங்களும் அந்த ரோட்டுலதான ஏறுறாங்க.

பொதிகைக்காத்து:
இது சரியான பேச்சு. கீழ வாய்க்கால்தடம், அதுமேல மில்லு வண்டி, மேல கரண்டு. ஆனா நான் இதப் பேசுறதுக்குக் காரணமே வேற. திருநெல்வேலி தென்காசி ரோட்ட நாலுவழி ஆக்கும்போது எவ்வளவு மரம் போச்சுன்னு எல்லாரும் பாத்தோம். ஆலங்குளம் பக்கம் வெயில்ல நிக்க இடமில்ல. நாளைக்கு இந்த ரோட்டையும் அகலப்படுத்த வந்தா, "இது பாரம் போறதுக்குப் போட்ட ரோடுதான"ன்னு சொல்லி வாய்க்கால்கரை மரத்துல கைய வைப்பான். அதனாலதான் இது வாய்க்காலோட ரோடுன்னு அழுத்திச் சொல்லுதேன்.

சிவந்திபுரத்தா:
மரத்த வெட்டக்கூடாதுங்கதுல நானும் உங்க கூடத்தான். ஆனா விக்கிரமசிங்கபுரம் பஜாருக்குள்ள ரெண்டு பஸ்ஸு எதிரெதிர வந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சாக்கடைத் திண்டுல ஏறி நிக்குது. அகலமே வேண்டாம்னு எப்படிச் சொல்ல முடியும்? மரம் நிக்குற இடத்துல கை வைக்காம ஊருக்குள்ள மட்டும் நடைபாதையும் ஒதுங்க இடமும் கேப்போம், அதுக்கு மனு எழுதுனா நான் முதல் கையெழுத்து போடுதேன். மில்லு விஷயத்துல மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.

கல்லிடைக்காரன்:
மனுவுல நானும் போடுதேன். ஆனா அதுல "மில்லுக்காகப் போடப்பட்ட சாலை"ன்னு ஒரு வரி இருந்துச்சுன்னா எம் பேர எடுத்துருங்க.