ஸ்பாமுக்குள் போய்ச் சேர்ந்த மெயில்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இரவுப்பணி:
அட்மிஷன் போர்ட்டல், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். இரவு பத்தரைக்கு ஓர் அப்பா போன் செய்தார். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. "தம்பி, பாஸ்வேர்டு மாத்துற லிங்க் வரவே இல்லைங்க. நாலு தடவை அழுத்திட்டேன்." சர்வர் லாகில் நாலும் போயிருந்தன, நாலுக்கும் 250 ஓகே, அதாவது எதிர்சர்வர் வாங்கிக்கொண்டது. "ஸ்பாம்ல பாருங்க" என்றேன். "அது எங்க இருக்கு?" என்றார். ஜிமெயிலின் மூலையில் இருக்கும் மூன்று கோட்டைப் போனிலேயே சொல்லிக் காட்டக் கால் மணி நேரம் ஆனது. நாலும் அங்கே வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டார். காலாவதி, காலாவதி. லிங்குக்குப் பத்து நிமிட ஆயுள் போதும் என்று வைத்த புத்திசாலி நான்தான்.

மறுநாள் பார்த்தால் டொமைனின் டிஎன்எஸ் பதிவில் இரண்டு எஸ்பிஎஃப் வரிகள். நம் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி அது. ஒன்று ஆபீஸ் மெயிலுக்குப் பழையது. ரிலேவுக்காக (நம் மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் சர்வர்) இன்னொன்றைக் கீழே சேர்த்ததும் நான்தான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை). இரண்டு இன்க்ளூடையும் (இன்னாரின் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்ற குறிப்பு) ஒரே வரியில் போட்டதும் இன்பாக்ஸுக்கு வர ஆரம்பித்தது.

மெயில்மணி:
என்னுடையது கிளினிக் தளத்தின் அப்பாயின்ட்மென்ட் ஃபார்ம். நிரப்புகிறவரின் மெயில் முகவரியையே ஃப்ரம்மில் போட்டு அனுப்பினேன், டாக்டர் ரிப்ளை அழுத்தினால் நேராக நோயாளிக்குப் போகட்டும் என்று. ஜிமெயில் முகவரி கொடுத்தவர்களின் மெயில் ஸ்பாமில் கிடந்தது. யாஹூ முகவரி கொடுத்தவர்களுடையது எங்குமே இல்லை. யாஹூ 2014-லேயே டிமார்க்கை (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரர் வைக்கும் விதி) ரிஜெக்டில் வைத்துவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. யாஹூ பெயரில் யாஹூ அல்லாத சர்வர் அனுப்பினால் வாசலிலேயே திருப்பிவிடச் சொல்கிறது. நான் செய்ததும் ஆள்மாறாட்டம்தானே! ஃப்ரம்மில் கிளினிக் முகவரி, ரிப்ளை-டூவில் நோயாளி முகவரி. அவ்வளவுதான் வேலை. "அப்பாயின்ட்மென்ட் போட்டேனே" என்று ஒரு பாட்டி ரிசப்ஷனில் வந்து நின்றபோதுதான் இத்தனையும் தெரிய வந்தது.

பழைய_சர்வர்:
இரவுப்பணி ப்ரோ, எஸ்பிஎஃப்பை ஒன்றாக்கியதால்தான் சரியானது என்பதை நான் நம்பவில்லை. எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன்-பாத் (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி) டொமைனை, ஃப்ரம்மை அல்ல. பல மெயில் சர்வீஸ்கள் ரிட்டர்ன்-பாத்தில் தங்கள் டொமைனையே போடும். அப்போது உங்கள் எஸ்பிஎஃப் வரியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

என் கதை சின்னது: வாடகை சர்வரில் நானே போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் சாஃப்ட்வேர்) போட்டேன், ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி எண்ணிலிருந்து சர்வர் பெயரைக் காட்டும் பதிவு) வைக்கவில்லை, போனதெல்லாம் ஸ்பாம்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முதலில் டிகேஐஎம், அதாவது மெயிலோடு போகும் டிஜிட்டல் கையெழுத்து. ஃபார்வர்ட் செய்தால் எஸ்பிஎஃப் உடையும், மெயிலை இடையில் யாரும் திருத்தாதவரை டிகேஐஎம் நிற்கும். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் வைக்கும் சாவி 2048 பிட் என்றால் ஒரே டிஎக்ஸ்டி (டிஎன்எஸ்ஸின் எழுத்துப் பதிவு) துண்டில் அடங்காது, ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான். சில டிஎன்எஸ் பேனல்கள் தானாகப் பிரிக்கும், சிலதில் நாம்தான் பிரிக்க வேண்டும். அப்புறம், எஸ்பிஎஃப்பில் இன்க்ளூடை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், பத்து டிஎன்எஸ் லுக்கப்பை (தேடலை) தாண்டினால் அதுவும் பெர்ம்எரர்தான். டிமார்க்கை எடுத்த எடுப்பில் ரிஜெக்டில் வைக்காதீர்கள். நன்-இல் (none, எதையும் தடுக்காதே என்ற நிலை) வைத்துச் சில வாரம் ரிப்போர்ட்டைப் படியுங்கள், நீங்கள் மறந்துபோன பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று உங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருப்பது அதில் தெரியும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000 மெயில் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க் கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது.

கடைக்காரன்_கோடு:
5000 எல்லாம் நம் தெருவுக்கே வராத விஷயம், ப்ரோ. நாளுக்கு அறுபது ஆர்டர் வருகிற ஜவுளிக்கடை என்னுடையது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பாஸ். தீபாவளிக்கு முதலாளி பழைய வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஆஃபர் மெயில் அனுப்பச் சொன்னார், அதே டொமைனிலிருந்து. நிறையப் பேர் ஸ்பாம் என்று அழுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரமே ஆர்டர் உறுதி மெயில்களும் ஸ்பாமுக்குள் போக ஆரம்பித்தன. காசு கட்டியவர்கள் "ஏமாத்திட்டீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். விளம்பரத்துக்குத் தனி சப்டொமைன் ஒதுக்கியும் பழைய நற்பெயர் திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. டிஎன்எஸ் எல்லாம் நாம் யார் என்பதைத்தான் சொல்லும். நல்லவனா என்று சொல்லாது.

பழைய_சர்வர்:
ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஏதாவது ஒன்றும், ஒரே மெயில் அனுப்பினாலும் வேண்டும் என்று ஜிமெயில் சொல்கிறது. அது உங்கள் தெருவுக்கும் சேர்த்துத்தான்.

இரவுப்பணி:
எங்கள் ரிட்டர்ன்-பாத் எங்கள் டொமைன்தான், ஜிமெயிலின் ஷோ ஒரிஜினலில் (மெயிலின் முழு மூலத்தைக் காட்டும் வசதி) பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். டிகேஐஎம் அன்று இல்லவே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அப்பா கடைசியில் 11.40-க்கு உள்ளே நுழைந்தார், ஐந்தாவது லிங்கில். அதுவும் ஸ்பாமுக்குத்தான் வந்தது, ஆனால் இந்த முறை அவருக்கு வழி தெரிந்திருந்தது.

புதுசு_நான்:
ஷோ ஒரிஜினல் போனில் எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்க்கிறேன், இல்லையே.

மெயில்மணி:
போன் ஆப்பில் தேடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலப்பக்க மூன்று புள்ளியை அழுத்துங்கள்.