மங்குவுக்குத் தாவரப் பொருள்களை நீண்ட காலம் தடவலாமா?

மாலதி:
வணக்கம். மகப்பேற்றுக்குப் பின்னும் என் கன்னங்களில் மங்கு என்னும் கருந்திட்டு மறையவில்லை. நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன் களிம்புக்கு அஞ்சி, ஆர்புட்டினும் அதிமதுரச் சாறும் கலந்த சீரம் ஒன்றைத் தேர்ந்திருக்கிறேன். தாவரங்களிலிருந்து கிடைப்பவை என்பதால் இவற்றை அச்சமின்றித் தொடரலாமா? இவை தோலில் என்ன செய்கின்றன என்பதை விளக்க வேண்டுகிறேன்.

செந்தில்:
டைரோசின் என்னும் அமினோ அமிலம் தோலுக்கு நிறம் தரும் மெலனினாக மாறும் பாதையின் முதற்படியை நடத்துவது, செம்பு அணுக்களைக் கொண்ட டைரோசினேஸ் நொதி. ஆர்புட்டினும் அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடினும் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. ஆனால் நீங்கள் அஞ்சும் ஹைட்ரோகுவினோனுடன் ஒரு குளுக்கோஸ் இணைந்ததே ஆர்புட்டின்; தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை அறுத்தால் ஹைட்ரோகுவினோன் ஓரளவு வெளிப்படும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் முகக் களிம்புகளில் ஆர்புட்டினுக்கு 7 விழுக்காடும் அதன் மற்றொரு வடிவமான ஆல்ஃபா ஆர்புட்டினுக்கு 2 விழுக்காடும் உச்ச வரம்பாக விதித்தது. உங்கள் சீரத்தில் எது, எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கயல்விழி:
செந்தில் அவர்கள் சொன்னதோடு ரோடோடென்ட்ரால் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிர்ச் மரப்பட்டையில் காணப்படும் இந்தச் சேர்மம் கலந்த நிறம் வெளுக்கும் பூச்சுகள், பயன்படுத்தியவர்களின் முகத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் தோன்றியதால் 2013இல் ஜப்பானில் திரும்பப் பெறப்பட்டன; பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். டைரோசினேஸ் இதைத் தன் மூலப்பொருளாகவே எடுத்துக்கொண்டு நச்சுத்தன்மையுள்ள குவினோனாக மாற்றிவிட, நிறமி செய்யும் உயிரணுவே அழிந்தது. பூச்சை நிறுத்தியபின் பலருக்கு நிறம் திரும்பியது, எல்லோருக்கும் அல்ல. மூலம் மரமா ஆய்வுக்கூடமா என்பது உயிரணுவுக்குத் தெரியாது. எனவே தடவிய இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இளங்கோ:
சகோதரி, எலுமிச்சை வகைச் சாறுகளை மட்டும் முகத்தில் தடவாதீர்கள். அவற்றிலுள்ள ஃபியூரானோகூமரின்கள் புற ஊதா ஏ கதிர் பட்டதும் டிஎன்ஏவுடன் பிணைந்து கொப்புளத்தையும், பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் கருமையையும் உண்டாக்கும். கார்போகரிசியிலுள்ள சோராலனும் இவ்வகையே. நிறத்தைத் தூண்டும் அதே இயல்பைத்தான் வெண்புள்ளிக்கான ஒளிச் சிகிச்சையில் மருத்துவர்கள் அளவறிந்து பயன்படுத்துகிறார்கள். மங்குவைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் கருமையாக்கும் என்பதால், எந்தச் சீரத்தையும்விட இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனே முதலில் தேவை.

மாலதி:
மூவருக்கும் நன்றி. சீரத்தின் உறையில் ஆர்புட்டின் என்று மட்டுமே இருக்கிறது, அளவு இல்லை. அதைத் தோல் மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை சன்ஸ்கிரீனை மட்டும் தடவுகிறேன்.