பெயர் வராத செய்திக் கட்டிங்குகளை வைத்து அறிவியல் இதழியல் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

கயல், பென்னாகரம்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளர். மாதச் சம்பளம் கிடையாது, வருகிற செய்திக்குத்தான் பணம். ஒகேனக்கலில் நீர்வரத்து எத்தனை கனஅடி, யானை யாருடைய ராகிக் கொல்லையில் இறங்கியது, விபத்து, திருவிழா என்றுதான் கேட்பார்கள்.

நான் எழுத நினைப்பது தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு பற்றி. எங்கள் பக்கத்துப் பாறையிலேயே அது இருக்கிறது. ஆழமான போர்வெல்களில் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் கிடப்பதால் அதிகமாகக் கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது அதிகமானதால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை, சிலருக்கு முழங்கால் மடங்காது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பல் எப்படி இருக்கிறது? ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுத ஆசை. அதற்குப் பணமும் வேண்டும், சொல்லிக் கொடுக்க ஆளும் வேண்டும்.

வாய்ப்பு குறைந்த பின்னணியிலிருந்து வரும் இளம் அறிவியல் செய்தியாளர்களுக்கு என்று பணமும் வழிகாட்டுதலும் தரும் சில ஃபெல்லோஷிப்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் நாம் வருவோமா? என் செய்திகளில் என் பெயர் வருவதில்லை. எல்லாமே தமிழ். ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத் தயக்கம். விண்ணப்பிப்பது வீண் வேலையா, சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், ஓசூர்:

கயல், முதலில் எவையெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறேன், நேரம் மிச்சமாகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடக்கும் நைட் ஃபெல்லோஷிப், பல ஆண்டு முழுநேர அனுபவம் உள்ளவர்களுக்கு. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் மாஸ் மீடியா ஃபெல்லோஷிப் 1975 முதல் நடக்கிறது, ஆனால் அது அந்த நாட்டு மாணவர்களை மனதில் வைத்தது. நம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-ல் தொடங்கிய ‘அவ்சர்’ என்ற அறிவியல் கட்டுரைப் பரிசு, பிஎச்.டி. செய்பவர்களுக்கும் அதற்கு மேல் ஆய்வில் இருப்பவர்களுக்கும்.

அறிவியல் செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கும் ‘தி ஓப்பன் நோட்புக்’ இணையதளம் நடத்தும் ஃபெல்லோஷிப் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கானது. ஊரில் இருந்தபடியே பகுதி நேரமாகச் செய்யலாம், அனுபவமுள்ள ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். ஆனால் அங்கே எழுத வேண்டியது அறிவியல் செய்தி எழுதும் தொழிலைப் பற்றி. ஃபுளோரைடு கட்டுரையை அப்படியே கொடுக்க முடியாது. “ஆய்வகம் பக்கத்தில் இல்லாத ஊரில் தண்ணீர்ச் செய்தியை எப்படிச் சரிபார்ப்பது” என்று கொடுத்தால் பொருந்தும். ஆங்கில வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

செய்தியாளர், கிருஷ்ணகிரி:

கயல், தங்கச்சி மாதிரி நினைத்து நீ என்றே எழுதுகிறேன். நானும் பெயர் வராத செய்திகளில் ஆரம்பித்தவள்தான். அப்புறம் ஒரு வெளிநாட்டு அமைப்பின் ஃபெல்லோஷிப் கிடைத்தது.

பெயர் வராததற்கு வழி இருக்கிறது. நீ அனுப்பிய மின்னஞ்சலின் தேதி, அச்சான பக்கத்தின் படம், இரண்டையும் சேர்த்து வை. உன் மாவட்டச் செய்தியாளரிடம், இவை நீ எழுதியவை என்று லெட்டர்ஹெட்டில் நான்கு வரி வாங்கு. இதற்கிடையில் ஏதாவது தமிழ் இதழுக்கு உன் பெயரில் இரண்டு கட்டுரை எழுது. கிராமத்து மக்களின் கதைகளை எழுதும் பாரி இணையதளம் தமிழிலும் வருகிறது, அதையும் பார். தமிழில் வெளியானதை அப்படியே இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் அரைப் பக்கச் சுருக்கம் வை. தமிழில் எழுதுகிறேன் என்பதை ஒளிக்காதே. உன் பலமே அதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். பின்னணி பற்றிய கட்டத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரி, கிராமம், மாதச் சம்பளமில்லாத வேலை என்று உள்ளதை இரண்டே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடு. நம் மாதிரிப் பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் கஷ்டத்தை எழுதிவிட்டு, என்ன செய்தி செய்யப் போகிறோம் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் காசு கொடுப்பது செய்திக்கு.

என் விண்ணப்பத்தையே சொல்கிறேன். 2022 மே மாதம், எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எல்லோரும் 4,200 ஆண்டு என்று தலைப்புப் போட்டார்கள். நான் விண்ணப்பத்தில் எழுதியது ஒரே கேள்வி: காலம் கணித்தது அதே இடத்தில் கிடைத்த கரிமத்தை வைத்து, அந்தக் கரிமமும் இரும்பும் ஒரே காலத்தவை என்று அகழாய்வாளர்கள் எப்படி உறுதி செய்கிறார்கள்? நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

உன்னிடம் அதைவிட நல்ல கேள்வி இருக்கிறது. பல்லின் எனாமல் உருவாவது எட்டு வயதுக்குள். அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் கறையாக நிற்கும். 2013-க்குப் பின் பிறந்தவர்களில் மூத்தவர்களுக்கு நிரந்தர முன்பற்கள் முளைத்துவிட்டன. காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் ஊர் ஒன்று, அடிக்கடி போர்வெல் தண்ணீருக்குத் திரும்பும் ஊர் ஒன்று எடுத்துக்கொள். இரண்டு ஊர் மாதிரியையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடு. அந்தக் கட்டணம், பஸ் செலவு, நீ இழக்கும் நாள்களின் வருமானம் மூன்றையும் பட்ஜெட்டில் போடு. கடைசியதைப் போட வெட்கப்படாதே.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஒரு எச்சரிக்கை. பதிவுபெற்ற செய்தித்தாளின் செய்தியாளர் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை உண்டு. கல்வி உதவித்தொகைக்கும் ஸ்டைபெண்டு எனும் பயிற்சிக்கால உதவித்தொகைக்கும் அதிலிருந்து விலக்கும் உண்டு. அதனால் தேர்வுக் கடிதத்தில் ஸ்டைபெண்டு என்ற சொல் தெளிவாக இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் காட்டு.

அறிவியல் ஆசிரியர், அரூர்:

அம்மா கயல், பள்ளிப் பிள்ளைகளின் வாயைப் பார்க்கப் போவதால் சொல்கிறேன். தலைமையாசிரியர் அனுமதி மட்டும் போதாது, பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பல் கறை பெரிய மனவேதனை, கல்யாணப் பேச்சு வரை போகிறது. முகம் தெரிய ஒரு படமும் வேண்டாம். கறையின் அளவை நீங்களே மதிப்பிடாதீர்கள். டீன் குறியீடு என்று ஒரு முறை இருக்கிறது, பல் மருத்துவர் ஒருவர் கூட வந்து பார்த்தால்தான் அது நிற்கும். இந்த ஏற்பாட்டையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

செய்தியாளர், கிருஷ்ணகிரி:

சார் சொன்னது ரொம்ப முக்கியம். மருத்துவருக்குக் கொடுக்கும் தொகையையும் பட்ஜெட்டில் சேர், கயல்.

கயல், பென்னாகரம்:

சார், அக்கா, ஓசூர் அண்ணா, ரொம்ப நன்றி. கஷ்டம் பற்றி எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை இரண்டு வரியாக்கிவிட்டேன். மாவட்டச் செய்தியாளரிடம் கடிதம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார். இரண்டாவது ஊராக நல்லம்பள்ளிப் பக்கம் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். சார், அந்தப் பக்கம் பள்ளியில் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா?