தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கப் பார்த்தால் தண்ணீர் பழுப்பாகிறது, யாராவது சொல்லுங்களேன்

அம்மாப்பேட்டை அப்பா:
மகள் ஒன்பதாவது, வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் செய்து பார்த்தோம், கண்ணுக்குத் தெரிய ஒரு குமிழிகூட வரவில்லை. சரி என்று குழாய்த் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கல்லுப்பு போட்டு, இரண்டு எவர்சில்வர் ஸ்பூனை 12 வோல்ட் அடாப்டரில் மாட்டினோம். மைனஸ் பக்கம் நுரைத்துக்கொண்டு வருகிறது, பிளஸ் பக்கக் குழாயில் வாயு சேரவே இல்லை. பத்து நிமிடத்தில் தண்ணீர் தேங்காய் நார் ஊறிய நிறம், பிளீச்சிங் பவுடர் நாற்றம் வேறு. மைனஸில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, பிளஸில் ஆக்சிஜன் ஒரு பங்கு, 2:1 வரணுமே என்று மகள் என்னை முறைக்கிறாள். அடாப்டர் கோளாறா?

அடிவாரத்து வாத்தியார்:
அடாப்டர் பாவங்க, விட்டுவிடுங்கள். முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள், அந்த நாற்றம் குளோரின். நம்ம மேட்டூர் ஆலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தித்தான் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கிறார்கள், அதையே நீங்கள் வீட்டுக்குள் செய்திருக்கிறீர்கள். பிளஸ் பக்கம் வாயு சேராததற்கு ஸ்பூன்தான் காரணம். மின்சாரம் ஆக்சிஜனை வெளியேற்றாமல் இரும்பைக் கரைப்பதிலேயே போய்விடுகிறது, அந்தப் பழுப்பு துரு. எவர்சில்வரில் குரோமியமும் உண்டு, கரைந்தால் நச்சு. வெறும் கையால் தொடாமல், செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாமல், பாட்டிலில் அடைத்துப் பள்ளி வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் சலவை சோடா வாங்கி, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு ஸ்பூன் கரையுங்கள். ஸ்பூனுக்குப் பதில் இரண்டு முனையும் சீவிய பென்சில். உப்பு கூடவே கூடாது.

அம்மாப்பேட்டை அப்பா:
தெளிவாக வருகிறது சார், நாற்றமே இல்லை! ஆனால் பத்து நிமிடத்தில் மைனஸில் 20 மில்லி, பிளஸில் 8தான். 10 வர வேண்டாமா?

அடிவாரத்து வாத்தியார்:
அடியில் கருப்புத் தூள் இருக்குமே, பார்த்தீர்களா? பிளஸ் பக்கப் பென்சில் கரி கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடும், கொஞ்சம் தண்ணீரிலேயே கரையும். 1 ஆம்பியர் ஓடினால் நிமிடத்துக்கு ஏழு மில்லிக்குக் கொஞ்சம் மேல் ஹைட்ரஜன் வரும், உங்களுக்குக் கால் ஆம்பியர் சொச்சம்தான் ஓடுகிறது, பென்சிலுக்கு அது போதும். இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் மட்டும் பிடிக்காதீர்கள், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

அம்மாப்பேட்டை அப்பா:
சார்ட்டில் 10 என்று போட்டுவிடேன் என்றேன். 8தான் போடுவேன், ஏன் குறைந்தது என்றும் எழுதுவேன் என்கிறாள். மறுபடி முறைப்பு.