டாம்பா வளைகுடா: பி.ஓ.டி. குறைந்தால் கடல் தெளிந்துவிடுமா?

கேள்வி (முதுகலை மாணவர்)

அனைவருக்கும் வணக்கம். ஃபுளோரிடாவின் டாம்பா வளைகுடா மீண்ட கதையைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுதுகிறேன். 1979-இல் டாம்பா நகரம் தன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தியது அதில் பெரிய திருப்பம் என்று படித்தேன். பி.ஓ.டி.யை (கழிவிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் உயிர்வளியின் அளவு) நுண்ணுயிரிகளைக் கொண்டே குறைக்கும் வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு அங்கே ஏன் போதவில்லை? இவ்வளவு செலவு செய்வதற்குப் பதிலாக, நீண்ட குழாய் போட்டு ஆழ்கடலில் விட்டிருக்கலாம் அல்லவா?

மறுமொழி 1 (நிலையப் பொறியாளர்)

பி.ஓ.டி. என்பது கழிவுநீர் எவ்வளவு உயிர்வளியைத் தின்னும் என்பதன் அளவு மட்டுமே. இரண்டாம் நிலையைத் தாண்டித் தெளிவாக வெளிவரும் நீரிலும் லிட்டருக்கு 20 மில்லிகிராமை ஒட்டிய நைட்ரஜன் அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ கரைந்திருக்கக்கூடும். ஆழமில்லாத வளைகுடாவில் அது உரமாகிவிடுகிறது; மிதவைப் பாசிகள் பெருகி வெளிச்சத்தை மறைக்க, அடியிலுள்ள கடற்புல் மடிகிறது. ஏரிகளில் பெரும்பாலும் பாஸ்பரஸைத்தான் கட்டுப்படுத்துவோம். டாம்பாவுக்கு வரும் ஆறுகளோ பாஸ்பேட் படிவங்கள் நிறைந்த நிலத்தின் வழியே வருகின்றன. பாஸ்பரஸுக்கு அங்கே இயற்கையிலேயே பஞ்சமில்லை என்பதால், கடிவாளத்தை நைட்ரஜனுக்குத்தான் போட வேண்டியிருந்தது. 1987-இல் வந்த கிரிஸில்–ஃபிக் என்ற ஃபுளோரிடா மாநிலச் சட்டம், வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு பி.ஓ.டி.க்கும் நீரில் கலந்து மிதக்கும் திடப்பொருளுக்கும் 5, நைட்ரஜனுக்கு 3, பாஸ்பரஸுக்கு 1 மில்லிகிராம் என வரம்பு வைத்தது.

இதை எட்டுவதற்கு முதலில் காற்றூட்டி அம்மோனியாவை நைட்ரேட்டாக்க வேண்டும். பிறகு உயிர்வளி இல்லாத சூழலில், வேறு வகை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டிலுள்ள உயிர்வளியை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். அவற்றுக்குக் கரிமம் உணவாக வேண்டும், பி.ஓ.டி.யை முன்பே நீக்கிவிட்டதால் அது மிஞ்சியிருக்காது. எனவே டாம்பா நிலையத்தில் மெத்தனால் சேர்க்கிறார்கள். பாடுபட்டு நீக்கிய பொருளுக்கு ஈடாக இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கிப் போடுவது வேடிக்கைதான். இதே வினை வேண்டாத இடத்தில் நடப்பதை எந்த நிலையத்திலும் காணலாம்: கிளாரிஃபையர் எனப்படும் படிவுத் தொட்டியின் அடியில் சகதி நெடுநேரம் தங்கிவிட்டால், சின்னச் சின்னக் குமிழிகளைச் சுமந்துகொண்டு கட்டி கட்டியாக மேலே வந்து, விளிம்பு வழியே வழிந்து போய்விடும்.

மறுமொழி 2

குழாய் யோசனையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் விழுந்துகொண்டிருந்த கழிவுநீரை 1977–78-இல் வெளிக்கடலுக்குத் திருப்பிய பிறகு நீர் விரைவில் தெளிந்தது. பவளத்தை மூடியிருந்த குமிழ்ப்பாசியும் குறைந்தது. பாஸ்டன் நகரமும் 2000-இல் சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கக் குழாயைத் திறந்தது, ஆனால் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு சேர்த்துத்தான். கனியோஹே இருக்கும் ஓவாஹு தீவில் ஆழ்கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையிலோ கடல் நெடுந்தொலைவுக்கு ஆழமில்லாமலே கிடக்கிறது. அங்கே குழாய் போட்டால் சிக்கலை அடுத்த கரைக்குத் தள்ளியதாகத்தான் முடியும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் டாம்பாவில் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எழுதலாமா?

மறுமொழி 3

அப்படி எழுத வேண்டாம். 38,000 ஏக்கர் கடற்புல் என்ற இலக்கை 2014 கணக்கெடுப்பில் தாண்டினார்கள் என்பது உண்மை. ஆனால் 2016-க்குப் பிறகு பரப்பு மறுபடி சரிந்து, 2022-இல் 30,000 ஏக்கரை ஒட்டி வந்துவிட்டது. ஓல்டு டாம்பா பே எனப்படும் வடமேற்குப் பகுதியில் இழப்பு கடுமையாக இருந்தது. 2021-இல் பைனி பாயிண்ட் என்ற பழைய உர ஆலையின் தேக்கத்தில் கசிவு ஏற்பட்டபோது, ஏறத்தாழ 81 கோடி லிட்டர் ஊட்டச்சத்து மிகுந்த நீர் வளைகுடாவில் விடப்பட்டது. நிலையத்தின் வெளியேற்றுக் குழாய்க்கு வரம்பு வைக்கலாம். மழைநீரோடு புல்வெளிகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் வரும் நைட்ரஜனுக்கு அப்படி ஒரு வாய் கிடையாது. அதனால்தான் பினெல்லாஸ் மாவட்டம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் புல்வெளிக்கு நைட்ரஜன் உரமிடுவதையே தடை செய்திருக்கிறது. கட்டுரையில் நிலையத்துக்கு ஒரு பங்கு இடம் கொடுத்தால், இதற்கும் அதே அளவு கொடுங்கள்.