94 வோல்வோ டர்போவைக் காஸுக்கு மாற்றலாமா?

வெள்ளவத்தை_940:

வணக்கம். அப்பா விட்டுப்போன வோல்வோ 940 டர்போ ஒன்று என்னிடம் நிற்கிறது. 94ஆம் ஆண்டு, 2316 சிசி, பெற்றோல். அப்பா வேலை செய்த கம்பனி பழைய கார்களைக் கழித்தபோது வாங்கியது. 165 குதிரை சக்தி. காலை எட்டு மணிக்குக் கொழும்பின் காலி வீதி நெரிசலில் அதில் ஒரு குதிரையும் வேலை செய்வதில்லை, ஆனால் தின்பது மட்டும் 165உம் தின்னும். லீற்றருக்கு 6 கி.மீ. வந்தால் அது நல்ல நாள்.

2022இல் பம்பலப்பிட்டியில் இரண்டு இரவு பெற்றோல் வரிசையில் இந்தக் காருக்குள்ளேதான் படுத்தேன். காஸுக்கு, அதாவது எல்.பி.ஜி.க்கு, மாற்றும் எண்ணம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. யூடியூபில் ஒரு அமெரிக்கர் பழைய டர்போ பிக்கப் ஒன்றைப் புரொப்பேனில் ஓட்டுகிறார். ஆக்டேன் 110, அதனால் பூஸ்டை (டர்போ அமுக்கும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றினாலும் நொக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) இல்லை என்கிறார்.

என் கேள்விகள்: டர்போவுக்குக் காஸ் ஒத்துவருமா? பஞ்சிகாவத்தையில் பாவித்த மிக்சர் கிட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? வீட்டுச் சிலிண்டரையே டிக்கியில் வைத்து ஓட்டினால் என்ன? நாங்கள் இருப்பது அடுக்குமாடி, கார் நிற்பது நிலக்கீழ்த் தரிப்பிடத்தில். அதையும் சொல்லிவைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை_ராசன்:

தம்பி, 2022இல் காஸுக்கு மட்டும் வரிசை இல்லையா? எங்கள் ஒழுங்கையில் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மாற்றியிருந்தால் இரண்டு வரிசையிலும் நின்றிருப்பீர்கள். மற்றதை புளூபேர்ட் ஐயா வந்து சொல்வார்.

புளூபேர்ட்_கிழவன்:

ராசன் கூப்பிட்டதால் வந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தம்பி, டர்போ பிரச்சினை இல்லை. உங்கள் எஞ்சினின் கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம்) 8.7தான், இரும்பு புளொக், நல்ல உடம்பு. காஸுக்கு அது பயப்படாது. பயப்பட வேண்டியது அந்த மிக்சர் கிட்டுக்கு.

2007இல் என்னிடம் நிசான் புளூபேர்ட் டர்போ கார் இருந்தது. மிக்சர் கிட் பூட்டியிருந்தேன், டர்போவுக்கு முன்னால். மிக்சர் என்ன செய்யும்? காஸையும் காற்றையும் வாசலிலேயே கலந்துவிடும். அந்தக் கலவை டர்போவுக்குள் போய், குழாய் நீளம் முழுக்க நிறைந்து, அப்புறம்தான் சிலிண்டருக்குப் போகும். அதாவது பொனற்றுக்குள் ஒரு முழம் நீளத்துக்கு வெடிமருந்து. பிளக் வயர் ஒன்று பழுதாகி ஒரு சுடர் தவறினால் போதும், தீ பின்பக்கமாக ஓடி அத்தனையும் ஒரேயடியாகப் பற்றும்.

எனக்கு அது நடந்தது ஆமர் வீதிச் சந்தியில், இரண்டாவது கியரில். டமார். டர்போவிலிருந்து துரொட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் வாசலுக்கு) போகும் ரப்பர் குழாய் கிளிப்போடு கழன்று பறந்தது. போர் நடந்த 2007இல் கொழும்புச் சந்தி ஒன்றில் அப்படிச் சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று சின்ன வயசுக்காரருக்குத் தெரியாது. தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் நிலத்தில் படுத்துவிட்டார்கள். காவலில் நின்ற பொடியன்கள் துவக்கோடு ஓடிவந்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. கையை உயர்த்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ‘காஸ், காஸ்’ என்று சொன்னது அந்த நேரத்தில் எவ்வளவு மடைத்தனம் என்று பிறகுதான் விளங்கியது. இரண்டரை மணித்தியாலம். கடைசியில் அவர்களில் ஒருவனே, வீட்டில் மோட்டார் சைக்கிள் கழற்றுகிறவனாம், குழாயைப் பூட்ட உதவினான்.

உங்கள் வோல்வோவில் டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேறு இருக்கிறது, கலவை நிறையும் இடம் இன்னும் பெரிது. வழியில் உள்ளே போகும் காற்றை அளக்கும் எயார் மாஸ் மீற்றரும் இருக்கிறது, ஒரு வெடிக்கு அதன் மெல்லிய கம்பி போய்விடும். ஆகவே மிக்சர் வேண்டாம். மாற்றுவதென்றால் சீக்குவென்ஷல் இன்ஜெக்ஷன்: ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் ஒரு காஸ் இன்ஜெக்டர். குழாய்க்குள் வெறும் காற்றுதான் போகும்.

அதிலும் மெக்கானிக் பாஸ்மார் வழக்கமாக விடும் பிழை ஒன்று. காஸை ஆவியாக்கி அழுத்தம் குறைக்கும் ரெடியூசரில் ஒரு சின்ன வக்கூம் குழாய் இருக்கும். அதை துரொட்டிலுக்குப் பிறகு, மெனிபோல்டிலிருந்து (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாயிலிருந்து) எடுக்க வேண்டும். டர்போ காற்றை அமுக்கும்போது மெனிபோல்ட் அழுத்தம் ஏறும், ரெடியூசரும் காஸ் அழுத்தத்தை அதே அளவு ஏற்றிக் கொடுக்க வேண்டும். அந்தக் குழாயைப் பூட்டாமல் விட்டால், நீங்கள் காலை அழுத்தும் நேரம் பார்த்துக் காஸ் குறையும், எஞ்சின் வறண்டு ஓடும், வால்வு அல்லது பிஸ்டன் உருகும். ஐட்லிங்கில் வைத்து டியூன் பண்ணி ‘சரி, கொண்டுபோங்க’ என்று தரும் கராஜை நம்பாதீர்கள். பூஸ்ட் ஏறும்போது பக்கத்து சீற்றில் மடிக்கணினியோடு ஒருவன் இருந்து பார்க்க வேண்டும். ரெடியூசரும் 165 குதிரைக்குத் தாங்குகிறதாக இருக்க வேண்டும். எஞ்சின் சுடுதண்ணீர்தான் அதைச் சூடாக்குகிறது, சிறியதைப் பூட்டினால் ஏற்றத்தில் பனி பிடிக்கும்.

இனி அந்த அமெரிக்கர். அவர் நாட்டில் வாகனத்துக்கு விற்கும் காஸில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் புரொப்பேன். எங்கள் நாட்டுக் காஸ் கலவை, அதில் பெரும்பங்கு பியூட்டேன். 2021 கடைசியில் சமையலறைகளில் காஸ் வெடித்தபோது நாடு முழுக்கப் பேசினது இந்தக் கலவை விகிதத்தைத்தான். புரொப்பேன் சைபருக்குக் கீழே 42 பாகையில் கொதிக்கும், பியூட்டேன் கிட்டத்தட்ட சைபரில். குளிர்நாட்டுக்குப் புரொப்பேன் தேவை, எங்கள் வெயிலுக்குப் பியூட்டேனே போதும். ஆனால் பியூட்டேனின் ஆக்டேன் 94 அளவுதான். உங்களுக்குக் கிடைக்கப்போவது ஏறக்குறைய 95 பெற்றோல். அவர் சொன்ன 110ஐ நம்பிப் பூஸ்டைக் கூட்டினால் அடுத்த பதிவு ஹெட் கஸ்கெட் பற்றித்தான் எழுதுவீர்கள்.

வீட்டுச் சிலிண்டர்: கூடவே கூடாது. நிமிர்த்தி வைத்தால் மேலிருந்து ஆவி மட்டும் வரும், அடுப்புக்கு அது போதும். இந்த எஞ்சின் இழுக்கும் வேகத்துக்கு உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். படுக்க வைத்தால் திரவமே வரும், ஆனால் 80 சதவீதத்தில் நிரப்புவதை நிறுத்தும் வால்வு, குழாய் அறுந்தால் தானாக மூடும் வால்வு எதுவும் அதில் இல்லை. போதாததற்கு, 12.5 கிலோ என்பது 22 லீற்றர் போல. காஸில் லீற்றருக்கான சக்தி பெற்றோலைவிடக் கால்பங்கு குறையலாம், உங்கள் 6 கி.மீ. 4.5க்கு வந்துவிடும். ஒரு சிலிண்டரில் 100 கி.மீ. குருநாகல் போய்ச் சேர்வீர்கள், திரும்பி வர இன்னொரு சிலிண்டர். காஸ் லீற்றர் விலை பெற்றோல் விலையில் முக்காலுக்குக் கீழே இருந்தால்தான் இதில் இலாபம், கிட்டின் காசைச் சேர்க்காமலே.

டெலிகா_பி25:

ஐயா, என் மிட்சுபிஷி டெலிகா வானில் இருப்பது 4டி56 டர்போ டீசல் எஞ்சின். இதற்கும் காஸ் பூட்டலாமா?

புளூபேர்ட்_கிழவன்:

இல்லை. உங்களுடையதில் பிளக் இல்லை, கொம்ப்ரெஷன் 21. காஸ் மட்டும் கொடுத்துப் பற்றவைக்க முடியாது. டீசலோடு சேர்த்துக் கொஞ்சம் கொடுப்பார்கள், அதுவும் அளவு மீறினால் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். 4டி56 ஹெட் சும்மாவே விரிசல் விடுகிற ஹெட். விட்டுவிடுங்கள்.

மீனா_தெஹிவளை:

நான் வாகனக் காப்புறுதிப் பக்கம் வேலை செய்கிறேன். ஐயா சொல்லாத இரண்டு விஷயம். வாகனப் புத்தகத்தில் எரிபொருள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாற்றினால் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய் அதை மாற்ற வேண்டும், காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெற்றோல் என்று பதிந்த காருக்குள் காஸ் தாங்கி இருந்து தீப்பிடித்தால் இழப்பீட்டுக் கோப்பு என் மேசைக்குத்தான் வரும். சந்தோஷமாக எழுத எனக்கு அதில் ஒன்றும் இருக்காது.

மற்றது தரிப்பிடம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் பள்ளம் என்றால் லிப்ட் குழியும் தண்ணீர்ப் பம்பு அறையும். அந்தப் பம்பு தானாக ஸ்டார்ட் ஆகும்போது ஒரு பொறி பறக்கும். உங்கள் மாடியில் எத்தனை குடும்பம், அண்ணா?

வெள்ளவத்தை_940:

44 குடும்பம். மீனா, நேற்று நிர்வாகக் குழுத் தலைவரிடம் கேட்டேன். கேள்வி முடியுமுன்னே ‘முடியாது’ என்றார்.

ஐயா, மிக்சர் கிட் வாங்கவில்லை. பிளக் வயர் பற்றிச் சொன்னீர்களே, அதனால் பொனற்றைத் திறந்து பார்த்தேன். ஒரு வயரின் தொப்பி வெடித்து, இரவில் பார்த்தால் நீலமாகப் பொறி அடிக்கிறது. இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் அடிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அளந்த காற்று வெளியே போக, எஞ்சின் அதற்கும் சேர்த்துப் பெற்றோல் ஊற்றியிருக்கிறது. வயர், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் தொப்பி, ரோட்டர் எல்லாம் மாற்றி, குழாய்க்குத் தற்காலிகமாக லொறி ரேடியேட்டர் ஹோஸ் வெட்டிப் போட்டேன். முந்தநாள் நீர்கொழும்பு போய் வந்ததில் லீற்றருக்கு 8.3 கி.மீ. நகரத்துக்குள் 7.

அந்த ஹோஸ் பூஸ்டுக்கு ஊதுகிறது, நிலைக்காது. 940 டர்போவின் கீழ் இன்டர்கூலர் குழாய் நல்லது யாரிடமாவது இருக்கிறதா? பாவித்ததானாலும் பரவாயில்லை. பஞ்சிகாவத்தையில் ஏழு கடை ஏறி இறங்கிவிட்டேன்.

புளூபேர்ட்_கிழவன்:

ஒருகொடவத்தைப் பக்கம் பழைய யார்டுகளைப் பாருங்கள். வோல்வோ 740 டர்போ நின்றால் அதன் குழாயையும் அளந்து பாருங்கள். வாங்குவதற்கு முன் இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், வெடிப்பு உள்பக்கம்தான் முதலில் வரும்.